சந்தனம் பூசிய இரண்டு குட்டைத் துப்பாக்கிகள்

பிள்ளைகளா, ஆயுத பூஜை அன்று உங்கள் அம்மா சந்தனம் அரைக்க உட்கார்ந்ததும் நான் பக்கத்தில் போய் நின்று, "தண்ணியா அரைம்மா, தண்ணியா" என்பேன். அவள் என்னை முறைப்பாள். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். நீங்கள் எங்களைச் சுற்றி நின்றுகொண்டு, "இன்னாப்பா அது, எங்களுக்கும் சொல்லுங்க" என்று கேட்பீர்கள். சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிடும், கதை நின்றுவிடும். அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுதும்போதும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்துவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். "அப்பிடி இல்ல" என்று அவள் சொல்லும் இடங்களில் நான் எழுதியதே சரி.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. சுரங்கத்துக்குள்ளே டிரக் தள்ளிக்கொண்டிருந்தேன், தண்டவாளத்தில் ஓடுகிற கல் வண்டி. காலையில் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் நின்று கீழே இறங்கும்போது உடம்பு முதலில் போய்விடும், வயிறு கொஞ்சம் பொறுத்துத்தான் வந்து சேரும். லெவலில், அதாவது அடியில் வெட்டிய பாதையில், கல் நிரப்பிய டிரக்கைக் கேஜ் ஏறி இறங்குகிற ஷாஃப்ட் வரை தள்ள வேண்டும், காலி டிரக்கைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். அந்தக் குத்தலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கீழே போவதில் எனக்குப் பயம் கிடையாது. பயந்தவர் உங்கள் தாத்தா, அம்மாவைப் பெற்றவர்.

அவர் கம்பெனியில் ஜட்கா வண்டி ஓட்டினார். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர், எனக்கு மாமன் முறை. கல்லை அரைத்துத் தங்கம் பிரிக்கிற மில்லில் உருக்கி வார்த்த தங்கக் கட்டிகளைப் பெட்டியில் பூட்டி, அவருடைய வண்டியில் ஏற்றித்தான் கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள். அவருடைய தம்பி ஒருநாள் காலை கேஜில் இறங்கியவர் ஏறி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் ஷாஃப்ட் இருக்கும் திசையில் காலை நீட்டிக்கூடப் படுப்பதில்லை. எனக்குப் பெண் கேட்டு ஆள் போனபோது அவர் சொன்ன பதில் இதுதான்:

"பையன் நல்ல பையன்பா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா கீழ எறங்கறவனுக்கு என் பொண்ண குடுக்கமாட்டேன். மேல ஒரு வேல தேடிகினு வரச் சொல்லு. மாடு மேய்க்கறதா இருந்தாலும் சரி, தர மேல மேய்க்கட்டும்."

தரைக்கு மேலே வேலை அவ்வளவு சுலபத்தில் கிடைக்கிற காலமில்லை அது. நான் ஒவ்வொரு நாளும் டிரக்கைத் தள்ளிக்கொண்டே, இந்தக் கல்லில் இருக்கிற தங்கம் மேலே போகிறது, நான் போக முடியவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயம் பார்த்து, தங்க வண்டியில் துப்பாக்கியோடு உட்காருகிற ஆள் வயதாகிவிட்டதென்று ஊருக்குப் போய்விட்டார். சுரங்கத்தைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரரை நாங்கள் கேப்டன் என்போம். பட்டாளத்துக் கேப்டன் இல்லை. சுரங்கத்தில் மேலாளுக்கு அதுதான் பெயர். துடைப்பத்தைக் குறுக்கே வைத்துக் கட்டினது போல அவருக்குச் செம்பட்டை மீசை. ஸ்டேஷனில் கையெழுத்துப் போடத் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவர் கேட்க, காவல்காரர்களுக்குத் தலைவரான ஹவில்தார் என் பெயரைச் சொன்னார். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். துப்பாக்கியும் தெரியும். ஊரில் கேழ்வரகுக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமலிருக்க நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பரணில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹவில்தார் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இடது காது கேட்காது. தனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் வலது காதும் கேட்காது.

வண்டியில் அதுவரை இருந்தது பட்டாளத்துப் பழைய நீளத் துப்பாக்கி. வண்டிக்குள் நிமிர்த்தினால் கூண்டுப் பாயைக் கிழிக்கும். முன்பக்கம் சாய்த்தால் உங்கள் தாத்தாவின் முதுகில் இடிக்கும். பின்பக்கம் நீட்டினால் கடைத்தெருவில் யாராவது அதன் முனையில் துண்டைத் தொங்கவிட்டுவிடுவார்கள். ஒரு தடவை சுட்டுவிட்டு மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் திருடன் வெற்றிலை போட்டு முடித்துவிடுவான். அதனால் கேப்டன் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் துப்பாக்கி விற்கிற ஒரு கடைக்கு எழுதினார். அவர்கள் இரண்டு குட்டைத் துப்பாக்கிகளை அனுப்பி, சுட்டுப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் திருப்பிவிடுங்கள் என்றார்கள். ஒன்று விலை உயர்ந்தது, மற்றது மலிவு.

கேப்டன் என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகவே வரும், ஆனால் சொற்களைக் கல் உடைப்பது போல உடைத்து உடைத்துப் போடுவார்.

"உக்கார போறது நீ. எது வேணும், ஏன் வேணும், நீ சொல்லு. சரியா சொன்னா, வண்டி உனக்கு. ஒளறினா, மறுநாள் கேஜ்."

ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தால் வேலை, வேலை கிடைத்தால் கல்யாணம். இப்படி ஒரு பரீட்சை எந்தப் பள்ளிக்கூடத்திலும் வைக்கமாட்டார்கள்.

இரண்டும் ஒரே மாதிரியான துப்பாக்கிகள்தான். விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற அளவில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். லிவர் என்றார் கேப்டன். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு மேலே துள்ளி விழும். திரும்ப மேலே இழுத்தால் அடுத்த தோட்டா தானாகவே உள்ளே போய் உட்காரும். தோட்டாக்களைப் பக்கவாட்டில் இருக்கிற ஒரு சின்னக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ளி நிரப்பி வைத்துவிடலாம். அப்புறம் தள்ளு, இழு, சுடு. தள்ளு, இழு, சுடு. பரணில் உட்கார்ந்து மருந்து கெட்டித்தவனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் நாள் தோட்டா இல்லாமலே தள்ளி இழுத்து, தள்ளி இழுத்து, ஹவில்தார் வந்து பிடுங்கிக்கொள்ளும் வரை விளையாடினேன்.

விலை உயர்ந்ததன் இரும்பு காக்கைக் கழுத்து மாதிரி கருநீலமாக மினுக்கும். குழல் உருண்டையாக இல்லாமல் பட்டை பட்டையாகச் சீவியிருக்கும். பக்கத்தில் ஒரு மான் செதுக்கியிருந்தார்கள், ஓடுகிற மான். கட்டையைக் கன்னத்தில் வைத்தால் யாரோ நம் கன்னத்தை அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். லிவரைத் தள்ளினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும், கடைசியில் 'ட்ளக்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே காவல்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

மலிவானதைக் கையில் எடுத்ததுமே கிலுகிலு என்றது. திருகாணி எல்லாம் இறுகித்தான் இருந்தது, ஆனாலும் கிலுகிலு. கட்டை சாமான் பெட்டிப் பலகை மாதிரி. லிவர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அசந்தால் விரல் தோலைக் கிள்ளிவிடும். ஹவில்தார் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "கொழந்திக்கி வெளயாட குடுக்கலாம்பா" என்றார். அப்போதே பெயர் வைத்துவிட்டார். அது ராஜாத்தி, இது கிலுகிலுப்பை. சாயங்காலத்துக்குள் மைன் முழுக்க அந்தப் பெயர்தான்.

மில்லுக்குப் பின்னால் கல் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று இருந்தது. அங்கே பழைய மண்சட்டிகளை வைத்துச் சுட்டுப் பழகினேன். ராஜாத்தியை எடுத்தால் நான் சட்டியை நினைத்தாலே போதும், உடைந்துவிடும். கிலுகிலுப்பை இடது பக்கம் சாயும். சட்டியைக் குறிபார்த்தால் பக்கத்துச் சட்டி உடையும். ஹவில்தார் அதற்கும் கை தட்டுவார். "எந்த சட்டிக்கி வெச்ச?" என்பார். "ஒடஞ்ச சட்டிக்கிதான்" என்பேன். அவருக்கு அது கேட்காது.

எனக்கு ராஜாத்திமேல் பைத்தியம் பிடித்துவிட்டது. எதுவென்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஏன் என்பதுதான் சரியாக வரவில்லை. 'நல்லா கீது' என்றால் கேப்டன் ஒத்துக்கொள்வாரா?

வண்டிக்குள் எது வாகாக இருக்கிறது என்று பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஹவில்தாரோடு இரண்டையும் எடுத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் மட்டக்குதிரைக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தாள். அது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா, ஆளுக்கொரு பக்கமா தூக்கிகினு வந்துட்டீங்க? துப்பாக்கிக்கு மாப்ள பாக்கப் போறீங்களா?" என்றாள்.

"எது நல்லா கீது, நீ சொல்லு."

குனிந்து இரண்டையும் பார்த்தாள். "இது பளபளன்னு கீது. அது பாவமா கீது."

"அப்ப எது?"

"எனக்கு இன்னா தெரியும்? எது உங்கள கீழ எறங்காம மேல உக்கார வெக்குதோ, அது."

சொல்லிவிட்டுக் குதிரையின் பிடரியைத் தேவையில்லாமல் கோதிவிட ஆரம்பித்தாள். நான் வண்டியில் ஏறி ராஜாத்தியை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கூண்டில் இடிக்கவில்லை. கிலுகிலுப்பையை வைத்தேன். அதுவும் இடிக்கவில்லை. அவள் மெதுவாக, "பூஜைக்கி ரெண்டுத்துக்கும் நானே சந்தனம் அரைச்சித் தரேன். அப்புறம் சாமி பாத்துக்கும்" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் ஹவில்தார்.

"ஒண்ணுமில்ல, குதிர கொள்ளு துன்னமாட்டேங்குதுன்னு சொன்னேன்."

குதிரை வாய் நிறையக் கொள்ளோடு எங்களைப் பார்த்தது.

விஜயதசமி காலையில் எதை ஆரம்பித்தாலும் நல்லது, அன்றைக்கே சுட்டுக் காட்டட்டும் என்று உங்கள் தாத்தா கேப்டனிடம் கேட்டுக்கொண்டார். அன்று பாதிப் பேர் வேலைக்கு வரப்போவதில்லை என்று கேப்டனுக்கும் தெரியும். சரி என்றுவிட்டார்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. வண்டிக் கொட்டகையைக் கழுவி மாவிலை கட்டி, பலகையில் வாழை இலை விரித்து எல்லாவற்றையும் வைத்தோம். சாட்டை, பூட்டு, லாந்தர், சம்மட்டி, நடுவில் இரண்டு துப்பாக்கிகள். மற்றவர்கள் ஒரு சாமானுக்கு ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் தாத்தாவுடைய முறையே வேறு.

"எது அசையுதோ அதுக்குதான் பொட்டு" என்பார். "அசையாததுக்கு வெச்சி இன்னா பிரயோஜனம்? வண்டியில கூண்டா ஓடுது? அச்சுதான ஓடுது?"

அப்படித்தான் அவர் வருஷா வருஷம் வண்டியில் அச்சாணி, சக்கரத்தின் குடம், ஏர்க்கால் சேருகிற இடம் எல்லாம் தேடித் தேடிச் சந்தனம் வைப்பார். அன்றைக்குத் துப்பாக்கிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, "இதுல எங்கெங்க அசையுது? காட்டுங்க" என்று ஹவில்தாரைக் கேட்டார். ஹவில்தாருக்குத் தன் அறிவைக் காட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? "இதோ லிவர். அடியில ஒரு ஆணி. இதோ விச. இதோ பக்கத்துக் கதவு. மேல இது பின்னாடி போயி முன்னாடி வரும்" என்று திறந்து திறந்து காட்டினார். உங்கள் தாத்தா திறந்த இடத்திலெல்லாம் விரலை விட்டுச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்து மூடினார். ராஜாத்திக்கு வைத்தது போலவே கிலுகிலுப்பைக்கும். பூஜையில் ஓரவஞ்சனை கூடாது என்பார். குழலின் வாய் அசையாது, அதனால் அதற்குப் பொட்டு கிடையாது. அந்த மட்டும் நாங்கள் உயிர் பிழைத்தோம்.

இப்போது சந்தனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும்போது அம்மா எழுந்து போகப் பார்ப்பாள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சந்தனமரம் ராஜாவுடைய மரம், மற்றவர்கள் வெட்டக்கூடாது. சாதாரண வீட்டில் அது சுண்டுவிரல் அளவுக்கு இருந்தாலே பெரிய விஷயம். அவளிடம் இருந்த துண்டு வண்டிக்கும் குதிரைக்கும் பூட்டுக்கும் இரண்டு துப்பாக்கிக்கும் போதாது. அதனால் அரிசி மாவைக் கூழாகக் காய்ச்சி, அதில் சந்தனத்தையும் கொஞ்சம் மஞ்சளையும் கலந்து கிண்ணம் நிறையக் கொண்டுவந்துவிட்டாள். வாசனையைக் கேட்டால் சந்தனம். குணத்தைக் கேட்டால் புத்தகம் ஒட்டுகிற பசை. பூஜையில் வைத்ததை மறுநாள் தேங்காய் உடைக்கும் வரை யாரும் தொடக்கூடாது. ராத்திரி முழுக்க அது காய்ந்தது.

மறுநாள் காலையில் தேங்காய் உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போனோம். நாங்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் இருந்து பாதிச் சனம் வந்துவிட்டது. புதுத் துணியும் எண்ணெய் வைத்த தலையுமாகத் திருவிழா மாதிரி நின்றார்கள். அம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றாள். தொட்டி மறைக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கேப்டன் குதிரையில் வந்து இறங்கினார்.

நான் ராஜாத்தியை எடுத்து, மேற்பூச்சைத் துடைத்தது போக மீதி மஞ்சளோடு நெஞ்சில் அணைத்து, தோட்டா போடப் பக்கத்துக் கதவை அமுக்கினேன். அசையவில்லை. லிவரைத் தள்ளினேன். அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினேன். துப்பாக்கியோடு நானும் சேர்ந்து அசைந்தேனே தவிர லிவர் அசையவில்லை.

"மெதுவாபா, மெதுவா" என்றார் ஹவில்தார். பிறகு, "பலமாபா, பலமா" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சாமி உள்ளருந்து புடிச்சிகினு கீது!" என்று கத்தினார். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கேப்டன் பிடுங்கிக்கொண்டார். முழங்காலில் வைத்து அழுத்தினார். முகம் சிவந்தது, கழுத்து சிவந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். லிவர் பாதி வழி இறங்கி, வாயைத் திறந்த கன்றுக்குட்டி மாதிரி அப்படியே நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நன்றாகச் செய்த பொருள் அது. ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் நடுவே மூச்சு விடக்கூட இடம் வைக்காமல் செய்திருந்தார்கள். அந்த மூச்சுவிடாத இடத்தில் உங்கள் அம்மாவின் அரிசிக்கூழ் கல்லாக இறுகிவிட்டது.

தொட்டிப் பக்கம் பார்த்தேன். முந்தானை முழுவதும் வாய்க்குள் போயிருந்தது.

"அது?" என்று கேப்டன் கிலுகிலுப்பையைக் காட்டினார்.

எடுத்தேன். லிவரைத் தள்ளினேன். முறுக்கைக் கடிக்கிற மாதிரி 'கருக் முருக்' என்று சத்தம் வந்தது. மஞ்சள் துண்டுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. இழுத்தேன், இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. பக்கத்துக் கதவைக் கட்டைவிரலால் அமுக்கினேன், 'பட்' என்று பொடி தெறித்துத் திறந்துகொண்டது. தோட்டாக்களை நிரப்பினேன். தள்ளி, இழுத்து, சுட்டேன். துப்பாக்கியின் சந்து பொந்துகளில் மிச்சமிருந்ததெல்லாம் அந்த அதிர்ச்சியில் கிளம்பியது. மஞ்சளும் குங்குமமுமாக ஒரு மேகம். அது கலைந்தபோது பக்கத்தில் நின்ற கேப்டனின் மீசை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமத் தீற்றல். கோயிலில் இருந்து வந்த மனிதர் மாதிரி நின்றார்.

சிரிக்கவும் பயம், சிரிக்காமலிருக்கவும் முடியவில்லை. கூட்டத்தில் யாருக்கோ இருமல் வந்தது, உடனே எல்லோருக்கும் இருமல் வந்தது.

முதல் குண்டு பக்கத்துச் சட்டிக்குப் போயிருந்தது. அடுத்ததற்குச் சட்டியின் வலது ஓரத்தையும் தாண்டிக் குறிவைத்தேன். சட்டி சிதறியது. தள்ளு, இழு, சுடு. கருக், முருக், டமால். வைத்திருந்த சட்டிகள் அத்தனையும் போயின.

கேப்டன் ராஜாத்தியின் பக்கத்தில் நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். "என்னா இது?"

ஹவில்தாருக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. உங்கள் தாத்தாதான், "பூஜ, தொர" என்றார்.

"வெந்நீர் போட்டா சரி ஆயிடும்" என்றார் கேப்டன். "இது நல்ல துப்பாக்கி. இனிமே இதுக்கு பூஜ கெடையாது." என் பக்கம் திரும்பினார். "நீயும் இததான கேட்டே?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் தாத்தா தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் ரொம்ப மரியாதையாகிவிடுவார். "பூஜ போடாத ஆயுதத்த பின்னாடி வெச்சிகினு நான் வண்டி ஓட்டமாட்டேன் தொர. வேற ஆள பாத்துக்கங்க."

பார்த்தீர்களா என் நிலைமையை! ராஜாத்தி வேண்டுமென்றால் கேப்டனுக்குச் சந்தோஷம், வேலை கிடைக்கும், பெண் கிடைக்காது. கிலுகிலுப்பை வேண்டுமென்றால் ஆசைப்பட்டதை விட்டு மட்டமானதைக் கேட்கிற முட்டாள் என்று கேப்டன் கேஜுக்கு அனுப்பிவிடுவார், அப்போதும் பெண் கிடைக்காது. ஆனால், சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குச் சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. கேப்டனின் மீசைதான் காரணம். அதைப் பார்த்துக்கொண்டே பயப்பட முடியவில்லை. அந்தச் சிரிப்பை அடக்குகிற வேகத்தில் பேச்சு தானாக வந்துவிட்டது.

"தொர, ரெண்டுல ராஜாத்திதான் ஒசத்தி. சத்தியமா சொல்றேன். ஆனா எங்க கையில இருந்தா வருஷா வருஷம் பூஜ வரும். நீங்க வேணாம்னு சொன்னா, அடுத்த வருஷம் உங்களுக்குத் தெரியாம வெப்பாங்க. இவரு வெக்கலன்னா வேற யாராவது வெப்பாங்க. தெரிஞ்சி வெச்ச சந்தனத்த நான் மறுநாளே சுரண்டிடுவேன். தெரியாம வெச்சத எப்பிடி சுரண்டுவேன்? அப்புறம் மில்லு தூசி வேற, மழக்காலத்து சேறு வேற. எனக்கு பூஜைக்கி தாங்கற துப்பாக்கி குடுங்க தொர. அது எடது பக்கம் சாஞ்சா நான் வலது பக்கம் சாஞ்சிக்கறேன்."

கேப்டன் என்னையே பார்த்தார். உங்கள் தாத்தாவைப் பார்த்தார். கிலுகிலுப்பையை வாங்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். அது கிலுகிலு என்றது, உள்ளே இருந்து கடைசியாக ஒரு மஞ்சள் துண்டு அவருடைய பூட்ஸ்மேல் விழுந்தது. அவ்வளவுதான். அந்த மனிதர் சிரித்த சிரிப்பு! மீசையிலிருந்து சந்தனம் உதிர உதிரச் சிரித்தார். அவர் ஆரம்பித்த பிறகு எங்களை யார் நிறுத்துவது? பள்ளமே குலுங்கியது. சீமையில் இருக்கிற முதலாளிகளும் மலிவானதைத்தான் விரும்புவார்கள், அவர்களுக்கும் உனக்கும் ஒரே புத்தி என்று சொல்லி என் முதுகில் அடித்தார்.

"போ. நாளைக்கி வண்டி ஏறு."

உங்கள் தாத்தா தலைப்பாகையை மறுபடி கட்டிக்கொண்டு வந்து, கிலுகிலுப்பையைத் தன் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "இது ரொம்ப நல்லது தொர" என்றார். "பின்னால கிலுகிலுன்னு கேட்டுகினே இருந்தா மாப்ள முழிச்சிகினு கீறாருன்னு அர்த்தம். சத்தம் நின்னுதுன்னா நான் சாட்டய பின்பக்கம் ஒரு வீசு வீசிக்கறேன்."

மாப்ள! அதுவரை என்னை 'ஏம்பா' என்றுதான் கூப்பிடுவார். ஹவில்தாருக்கு அந்த வார்த்தை இடது காதிலேயே விழுந்துவிட்டது. "இன்னாது, இன்னாது? இன்னொரு தபா சொல்லு!" என்று அவர் குதிக்க, சனம் ஹோ என்று கத்த, கேப்டனின் குதிரை மிரண்டு அது ஒரு பக்கம் ஓட, நான் துப்பாக்கியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா தொட்டிப் பக்கத்திலிருந்து வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அழுததா சிரித்ததா என்று இன்றுவரை சொல்லவில்லை.

"மாவு கலக்காம இருந்தா அந்த பளபளப்பே உங்களுக்கு கெடச்சிருக்கும் இல்ல?"

"கெடச்சிருக்கும். ஆனா ஏன் வேணும்னு கேட்டிருப்பாரு. 'நல்லா கீது'ன்னு சொல்லிட்டு கேஜுக்குப் போயிருப்பேன்."

"அப்ப என்னாலதான் வேல கெடச்சிது."

"உன்னாலதான்."

"அப்பன்னா கல்யாணத்துக்கு எனக்கு அசல் சந்தனம் வேணும். மாவு கலக்காதது" என்று சொல்லிவிட்டு, தன் அப்பா கூப்பிடாமலே "தோ வந்துட்டேம்பா" என்று ஓடிவிட்டாள்.

ராஜாத்தியை வெந்நீரிலும் எண்ணெயிலும் சுத்தம் செய்து நானே பெட்டியில் வைத்தேன். மூடுவதற்கு முன் லிவரைத் தள்ளி இழுத்தேன். 'ட்ளக்' என்றது. இன்றைக்கும் சொல்கிறேன், அதைப் போல ஒரு பொருளை நான் அப்புறம் கையில் எடுக்கவில்லை. ஆனால் கிலுகிலுப்பையைத்தான் வருஷக்கணக்கில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். உங்கள் தாத்தா சாட்டையைப் பின்பக்கம் வீசியதும் உண்டு.

அன்று மத்தியானம் துப்பாக்கிகளை ஹவில்தாரிடம் ஒப்படைத்துவிட்டு லைனுக்குத் திரும்பினேன். வழியில் மில் கழித்துப் போட்ட மணல் மேடு இருக்கிறதே, அதன்மேல் ஏறினேன். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். நாலு பக்கமும் பார்த்தேன், ஒருவரும் இல்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையை மணலில் ஊன்றி ஒரு குட்டிக்கரணம் அடித்தேன். சரியாக வரவில்லை, பக்கவாட்டில் போய் விழுந்தேன். காதில் மணல் போய்விட்டது. எழுந்து தட்டிக்கொண்டு, இன்னொன்று அடித்தேன்.